பழைய படகு வாங்கப் போன கதை

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு படகு வாங்கப் போனேன் என்றால் சிரிக்கத்தான் செய்வீர்கள். இங்கிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கும் மேல். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயர். மழை பொய்த்த வருஷங்களில் அந்தச் சமுத்திரத்தில் ஆடு மேயும். மிஞ்சினால் சாத்தனூர் அணை இருக்கிறது, அங்கே முதலைப் பண்ணையும் இருக்கிறது. ஆனாலும் போன மாசியில் நான் ஒரு பாய்ப்படகு வியாபாரத்தில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். இருபது வருஷமாகக் குளிர்காலத்துக்கு இங்கே வந்து தங்குகிறவர். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் செங்கம் சாலை டீக்கடையில் அவருக்குப் பேச்சுத்துணை நான்தான். முட்டி வலி அதிகமாகி, இனி வருவதற்கில்லை என்று சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். புத்தகங்கள், ஃபிரிட்ஜ், சைக்கிள் எல்லாம் போயின. கடைசியாக, "எனக்கு ஒரு கேட்டமரான் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்த யாராவது வாங்குவார்களா?" என்றார். புதுச்சேரிக்கு வடக்கே ஒரு நண்பரின் தென்னந்தோப்புக் கொட்டகையில், டிரெய்லரோடு கிடக்கிறதாம். ஹோபி 16 என்ற வகை.

என் மகள் வயிற்றுப் பேரன் சென்னையில் வேலை பார்க்கிறான். இரண்டு வருஷமாகப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறான். போனில் சொன்ன மாத்திரத்தில், "தாத்தா, அதை யாருக்கும் கொடுத்துடாதீங்க, ஞாயிற்றுக்கிழமை வர்றேன்" என்று குதித்தான்.

பாய்ப்படகு விளையாட்டு என்றால் துரைமார்களின் பொழுதுபோக்கு என்றுதான் எங்கள் தலைமுறைக்கு நினைப்பு. அதற்குக் காரணமும் உண்டு. ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911-ல் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். மெட்ராஸ் துறைமுகத்தின் தலைவராக இருந்து அதை உருவாக்கியவரும் அவரே. கணித மேதை ராமானுஜன் 1912-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது அவருடைய ஆபீசில்தான். துரை படகு ஓட்டினார், குமாஸ்தா பேரேடு எழுதினார். நானும் முப்பத்தைந்து வருஷம் பேரேடு எழுதியவன்; எனக்கு அந்தப் பக்கம்தான் பழக்கம்.

ஆனால் காலம் மாறியிருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக் (2021-ல் நடந்தது) பாய்ப்படகுப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் நான்கு பேர். நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர் மூவரும் சென்னைக்காரர்கள். நான்காமவர் விஷ்ணு சரவணன், நம் பக்கத்து வேலூரில் பிறந்தவர். இந்த விளையாட்டில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ராதான். ஆகவே பேரனை நான் தடுக்கவில்லை. நான் தயங்கியது வேறு விஷயத்துக்காக. 'கேட்டமரான்' என்ற அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கியிருந்தது.

*

எனக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும். வகுப்பில் பிரெஞ்சுச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பாடம். 'கேட்டமரான்' என்ற சொல் வந்தது. அது ஆங்கிலச் சொல், பிரெஞ்சு கடன் வாங்கிக்கொண்டது என்றார் ஆசிரியர். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். குப்பத்துப் பையன், மீன்பிடிக்கிற வீடு. பிரெஞ்சு அவனுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். "அது எங்க வூட்டு மரம், முசியே. எங்கப்பா அதைக் கட்டித்தான் கடலுக்குப் போறாரு" என்று பாதி தமிழும் பாதி பிரெஞ்சுமாகச் சொன்னான். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருந்திருக்காது, குப்பத்துப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் நின்றார்கள். இருந்தாலும் அந்தச் சிரிப்பு எனக்குள் கிடந்தது.

பின்னாளில் ஆபீஸ் நூலகத்தில் ஒரு நல்ல பிரெஞ்சு அகராதியைப் புரட்டியபோது பார்த்தேன். ஆங்கிலம் வழியாக வந்தது, மூலம் தமிழ், 'கட்டு', 'மரம்' என்று இரண்டு சொற்களையும் பிரித்தே போட்டிருந்தான். பையன் சொன்னது சரி, வாத்தியார் சொன்னது பாதி, நாங்கள் சிரித்தது முழுத் தப்பு.

*

கட்டுமரம் ஏன் நம் கரையில் பிறந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. நீளமான மணல், அதன்மேல் ஓயாமல் உடையும் அலை. மெட்ராசானாலும் புதுச்சேரியானாலும் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கொண்டுவருவது உள்ளூர்க்காரன் பாடு. அதற்கு அவனிடம் இரண்டு சாதனங்கள் இருந்தன.

ஒன்று சலங்கு. ஆங்கிலேயர் அதை மசூலா என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நம் சொல்லையே திரித்து 'ஷெலேங்' என்று எழுதினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குச் சலங்கு பழக்கமான சொல். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு தரையில் மோதினால் பிளக்கும், தைத்த படகு நெகிழ்ந்து கொடுக்கும். இன்னொன்று கட்டுமரம். லேசான மரத்துண்டங்கள் மூன்றோ ஐந்தோ ஏழோ, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டியது. உள்ளே தண்ணீர் புகுந்து மூழ்க அதற்கு 'உள்ளே' என்பதே கிடையாது. அலை மேலே ஏறினால் இடுக்கு வழியாக வழிந்து போய்விடும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காய வைப்பார்கள். ஊறின மரம் கனக்கும், காய்ந்தால்தான் மறுநாள் மிதக்கும்.

அலை அதிகமாகிச் சலங்கு போக முடியாத நாளிலும் கட்டுமரம் போகும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தபால் கொண்டுபோனது கட்டுமரக்காரர்கள்தான். கூம்பு மாதிரி ஒரு தொப்பிக்குள் கடிதத்தை வைத்துத் தலையில் மாட்டிக்கொள்வார்கள். ஆள் முழுக்க நனைவான், கடிதம் நனையாது. பைல்களோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கு இந்தச் செய்தியில் தனிப் பிரியம். கோட்டையில் இருந்த கவர்னருக்கு ஐரோப்பாவின் சேதி வந்தது மீனவன் தலைமேல் ஏறித்தான்.

புதுச்சேரிக்கு 1866-ல் இரும்புப் பாலம் வந்தது, கப்பல் சரக்கு அதன் வழியாக இறங்கியது. 1952 புயலில் அது விழுந்துவிட்டது. சின்ன வயதில் நான் பார்த்ததெல்லாம் கடலுக்குள் நின்ற மொட்டைத் தூண்களைத்தான். பாலம் போனது, கட்டுமரம் இருந்தது.

இந்தச் சொல் எப்படி வெளியே போனது? வில்லியம் டேம்பியர் என்ற ஆங்கிலேயர், கடற்கொள்ளையனாகவும் மாலுமியாகவும் உலகைச் சுற்றியவர், 1697-ல் ஒரு பயண நூலை அச்சிட்டார். அதில் சோழமண்டலக் கரையின் இந்த மிதவையைப் பெயரோடு குறிப்பிட்டார். ஓரிரண்டு மரத்துண்டங்கள்தான், ஆள் உட்கார்ந்தால் கால் தண்ணீரில் கிடக்கும் என்று வர்ணித்தார். அங்கிருந்து சொல் ஆங்கிலத்தில் சுற்ற ஆரம்பித்தது, அர்த்தமும் நழுவ ஆரம்பித்தது. 1804 அக்டோபரில் ஆங்கிலேயர்கள் புலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் படகுகளை எரிக்க வெடிமருந்து அடைத்த மிதவைகளை அனுப்பினார்கள். ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் செய்தவை. அந்தக் குண்டுகளுக்கு வைத்த பெயரும் 'கேட்டமரான்'. பெரிய சேதம் ஒன்றும் இல்லை. பிரெஞ்சுப் பள்ளியில் நெப்போலியனைப் பக்கம் பக்கமாகப் படித்தோம், இதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

*

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு முறையாவது எனக்கு ஒரு செய்தி வருகிறது: உலகம் ஓட்டும் இரட்டைப் படகு தமிழன் கண்டுபிடித்தது, ராஜேந்திர சோழன் கட்டுமரத்தில் போய்க் கடாரம் வென்றான் என்று. படிக்க நன்றாக இருக்கிறது. 1025 வாக்கில் கடாரத்துக்குப் போனது பெருங்கப்பல்கள். படையும் யானையும் ஏற்றிக் கடல் தாண்டுவது கட்டுமரத்தின் வேலையல்ல.

வடிவத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். இன்று கேட்டமரான் என்று விற்பது, நடுவே இடம் விட்டு இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டத்தால் சேர்த்த படகு. நம் கட்டுமரம் இடைவெளி இல்லாமல் சேர்த்துக் கட்டிய மரங்கள். இரண்டும் வேறு. இரட்டை உடலில் பாய் கட்டிப் பெருங்கடல் தாண்டியவர்கள் பசிபிக் தீவுக்காரர்கள். அந்தப் புகழை நாம் எடுத்துக்கொள்வது நியாயம் இல்லை.

அப்படியென்றால் நம்மிடம் இரட்டைப் படகே இல்லையா என்று கேட்டால், அங்கேயும் ஒரு சுவையான சேதி உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற நூல், நம் கரையில் 'சங்கரா' என்ற பெரிய படகுகளைச் சொல்கிறது. ஒற்றை மரத்தில் குடைந்தவற்றை ஒன்றோடொன்று பிணைத்தவை என்பது அதன் பொருள். மரங்களைச் சேர்த்துக் கட்டியது என்று சிலர் படிக்கிறார்கள், இரண்டு ஓடங்களை நுகத்தடி போட்டது போல இணைத்தது என்று வேறு சிலர். கேரளத்து ஆறுகளில் இரண்டு ஓடங்களின்மேல் பலகை போட்டு ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்த்ததே, அதற்குச் 'சங்காடம்' என்று பெயர். அந்தச் சொல்லைத்தான் போர்த்துகீசியர் 'ஜங்கடா' ஆக்கிப் பிரேசில் வரை கொண்டுபோய் அங்குள்ள மீனவர் மிதவைக்குச் சூட்டினார்கள். சங்கராவும் சங்காடமும் காதுக்கு ஒன்றாகப் படுகின்றன. ஆனால் காதுக்குப் பட்டதை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, பசிபிக் வடிவமும் தமிழ்ப் பெயரும் எங்கே சந்தித்தன? 1876-ல், அமெரிக்காவில். நதானியேல் ஹெரஷாஃப் என்ற இளைஞர் 'அமரிலிஸ்' என்ற இரட்டைப் படகைக் கட்டி நியூயார்க் போட்டிக்குக் கொண்டுவந்தார். மற்றப் படகுகளையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டது. தோற்றவர்கள் ஆட்சேபம் எழுப்பினார்கள், இது படகே இல்லை என்று பரிசைப் பறித்துவிட்டார்கள். மறுவருஷம் அவர் காப்புரிமையும் எடுத்தார்; இந்த வகைக்குக் கேட்டமரான் என்றே பெயர் ஆயிற்று. வேகமாகப் போனதற்காக விலக்கப்பட்ட அந்த வடிவம் அறுபது, எழுபது வருஷம் பெரிதாகத் தலைதூக்கவில்லை.

பிறகு எரிக் டி பிஷோப் என்ற பிரெஞ்சு மாலுமி ஹவாய்த் தீவில் ஓர் இரட்டைப் படகு கட்டி, 1937-ல் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனை சுற்றி 1938-ல் பிரான்சின் கான் நகரம் போய்ச் சேர்ந்தார். அதே ஹவாயில் 1947-ல் வுடி பிரவுன் என்பவர் நண்பர்களோடு 'மனு காய்' என்ற படகைக் கட்டினார். மணலில் இருந்தே தள்ளி, மணலிலேயே ஏற்றக்கூடியது. போர்க்காலத்தில் பசிபிக் தீவு ஒன்றில் பார்த்த ஓடந்தான் அவருக்கு மாதிரி. அந்த வழியில் வந்தவர்தான் கலிபோர்னியாவின் ஹோபி ஆல்ட்டர் (1933-2014). அலைமேல் சறுக்கும் பலகை செய்து விற்றவர். 1968 வாக்கில் 14 அடிப் படகு, அதன் பிறகு 1970-ஐ ஒட்டி 16 அடிப் படகு. இந்த இரண்டாவது வகை இன்றுவரை ஒரு லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. ஐரோப்பாவுக்கான படகுகள் பிரான்சில் தூலோன் நகரத்துப் பக்கம் செய்யப்பட்டன. எங்கள் தெரு முசியேவின் படகு அங்கே பிறந்தது.

ஹோபி ஆல்ட்டருக்கு வேண்டியிருந்தது என்ன? துறைமுகம் இல்லாத இடத்தில், உடையும் அலைக்குள் தள்ளி ஓட்ட வேண்டும். மணலில் மோதினால் உடையக் கூடாது. ஆகவே அடியில் பலகை நீட்டிக்கொண்டிருக்காது, உடல்களின் வளைவே அந்த வேலையைப் பார்க்கும். சுக்கான் தரையில் தட்டினால் தானே மேலே எழும்பும். தண்ணீர் தேங்க உள்ளறை கிடையாது, நடுவில் துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். நம் மீனவன் முன்னால் இருந்த அதே கேள்விகள். அவன் மரத்தில் சொன்ன பதிலைத்தான் இவர் ஃபைபரில் சொன்னார், ஒருவரை ஒருவர் அறியாமல்.

*

ஞாயிற்றுக்கிழமை பேரனும் நானும் முசியேயும் கார் வைத்துக்கொண்டு செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனோம். தோப்புக் காவலுக்கு ஒரு பெரியவர் இருந்தார். எண்பதை ஒட்டிய வயது. சுனாமி வரை கட்டுமரத்தில் போனவராம். அதற்குப் பிறகு நிவாரணத்தில் வந்த ஃபைபர் படகில் பிள்ளைகள் போகிறார்கள்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் பேரன் முகத்தில் கல்யாணக் களை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். பழைய பொருள் வாங்கும்போது ஆசைப்படுகிறவன் ஒருவன், குறை பார்க்கிறவன் ஒருவன் என்று இரண்டு பேர் போக வேண்டும். அவன் தன் ஆசானிடம் கேட்டு எழுதிவந்த பட்டியலை என் கையில் கொடுத்தான். படிக்கப் படிக்க நானும் கற்றுக்கொண்டேன்.

நீளம் 16 அடி 7 அங்குலம். அகலம் 7 அடி 11 அங்குலம். இந்த ஓர் அங்குலக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் காலத்து அமெரிக்கச் சாலையில் வண்டியின் அகலம் 8 அடியைத் தாண்டக் கூடாது. எடை சுமார் 145 கிலோ, நான்கு பேர் தூக்கிவிடலாம். பாய்மரம் இருபத்தாறரை அடி உயரம். இரண்டு பாய்களும் சேர்ந்து 218 சதுர அடி, எங்கள் வீட்டுக் கூடம் அவ்வளவு இருக்காது.

முதலில் பின்பக்கத்து எண். உடலின் பின்முனையில் பொறித்திருக்கும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் வருஷ மாடலைச் சொல்லும். முசியே சொன்ன வருஷமும் அதுவும் ஒத்துப்போயின. அடுத்து கம்பிகள். பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்டீல் கம்பிகள் முனைகளில் இழை இழையாகத் தெறித்திருக்கும், விரலில் துணியைச் சுற்றித் தடவினால் துணி மாட்டும். இரண்டு இடத்தில் மாட்டியது. நடுத்துணியின் தையலை நகத்தால் கீறினால் நூல் உதிர்ந்தது, அது வெயிலின் வேலை. உடலுக்குள் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க, வடிகால் துவாரத்தில் லேசாகக் காற்றை ஊதிச் சோப்புத் தண்ணீர் பூச வேண்டும். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது போல. குமிழி வரவில்லை.

பாய்மரத்தைப் பற்றி எழுதியிருந்ததுதான் என்னை நிறுத்தியது. அது முழுக்க அலுமினியம். அமெரிக்காவில் பாய்மரத்தை நிமிர்த்தியபடியே படகை உருட்டிப் போய், மேலே போகும் மின்கம்பியில் பட்டு ஆட்கள் செத்திருக்கிறார்கள். பிறகுதான் அங்கே பாய்மரத்தின் மேல்பகுதியை மின்சாரம் பாயாத ஃபைபரில் செய்தார்கள். ஐரோப்பியப் படகுகளில் அந்த மாற்றம் இல்லை. நான் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். கொட்டகைக்கும் கடலுக்கும் நடுவே, தென்னை மட்டைகளுக்கு ஊடே, பம்புசெட்டுக்குப் போகிற கரண்ட் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியாடா?" என்றேன்.

பேரன் முகம் மாறிவிட்டது. "மணலுக்குப் போன பிறகுதான் தாத்தா நிமிர்த்துவேன். சத்தியமா" என்றான்.

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். சந்தையில் பானை வாங்குகிறவர் மாதிரி விரல் முட்டியால் உடலைத் தட்டிக்கொண்டே போனார். டண், டண் என்று ஒரே சத்தம். இடதுபக்கத்து உடலில், முன் குறுக்குச் சட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால், சத்தம் செத்தது. கட்டைவிரலால் அமுக்கினார், சற்றே உள்வாங்கி மீண்டது.

"தம்பி, இங்க ஊறிப்போயிருக்கு" என்றார்.

இந்தப் படகின் உடல் ஒரே தகடு அல்ல. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே நுரைப் பொருள் வைத்து ஒட்டியது. ஒட்டு விட்டுப்போனால் மேலே பளபளப்பாகவே இருக்கும், பலம் இருக்காது. அதுவும் குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில் என்றால் கடல் நடுவே முறிந்துகொள்ளும் ஆபத்து. பட்டியலில் இதைத்தான் முதல் வரியாக எழுதியிருந்தது. பேரன் தட்டிப் பார்த்தும் அவன் காதுக்குப் பிடிபடவில்லை. பெரியவருக்குப் பட்டியல் ஏது? பல வருஷம் மரம் ஊறியதா காய்ந்ததா என்று தட்டிப் பார்த்த கை அது.

முசியே நேர்மையானவர். "எனக்கு இது தெரியாது" என்று பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

*

பேரன் ஆசானுக்குப் போன் போட்டான். உள்ளங்கை அகலம்தான், சின்னச் சின்னத் துளை போட்டு நன்றாகக் காய வைத்து எபாக்சி பசையைச் செலுத்தலாம், அதற்கு மேல் பரவியிருந்தால் விட்டுவிடு என்றார். சுற்றிலும் தட்டினோம், பரவவில்லை. ஒன்றரை லட்சம் சொன்ன விலை தொண்ணூறாயிரத்துக்கு இறங்கியது.

என் முறை வந்தது. காகிதம். படகு இறக்குமதியானபோது சுங்கம் கட்டிய ரசீதை முசியே பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் டிரெய்லர் இங்கே லேத்தில் செய்தது, ஆர்.சி. கிடையாது. டிரெய்லரும் சட்டப்படி ஒரு வண்டிதான், பதிவு வேண்டும். "ஈ.சி.ஆர்.ல யாரும் கேக்க மாட்டாங்க தாத்தா" என்றான் பேரன். "நான் கேக்கறேன்" என்றேன். பதிவு ஆகிறவரை படகு அங்கேயே இருப்பது, அவன் சனி ஞாயிறு வந்து ஓட்டுவது என்று முடிவாயிற்று.

ரிப்பேருக்கு இடது உடலைத் தனியாகக் கழற்றிக் கவிழ்த்துப் போட வேண்டும். அதற்கு முதலில் நடுத்துணியை அவிழ்க்க வேண்டும். துணியை ஓரங்களில் கண்ணி கண்ணியாகக் கயிறு கோத்து இழுத்துக் கட்டியிருந்தது, கயிறு உப்பில் இறுகிக் கல்லாகியிருந்தது. பேரன் கத்தியைத் தேடினான். பெரியவர் கையை நீட்டித் தடுத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து முடிச்சைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"நானும் பத்து வருஷமாப் பாக்கறேன். இத்தக் கட்டுமரம்னு சொல்லிக்கிறாங்களே, கட்டு எங்கன்னு தெரியல. இங்கதான் ஒளிச்சு வச்சிருக்காங்க" என்றார்.

கயிறு முழுதும் வந்தது. குறுக்குச் சட்டங்களைத் தட்டிக் கழற்றினோம். இரண்டு உடல்களும் மணலில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சின்ன வயதில் கடற்கரையில், சாயங்கால வெயிலில், அவிழ்த்துக் காயப்போட்டிருந்த மரங்களைப் பார்த்தது ஞாபகம் வந்தது.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டேம்பியரை, நியூயார்க் போட்டியை, வடிவம் நம்முடையதில்லை பெயர் நம்முடையது என்பதை. பள்ளியில் அந்தப் பையன் எழுந்து நின்றதையும் சொன்னேன். நான் சிரித்ததையும் சொன்னேன். வாய்விட்டு ஒருவரிடம் சொல்வது அதுவே முதல் தடவை. எந்தக் குப்பம் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்சநேரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பசங்க சிரிக்கறதுதான். பேரு எங்க போனா இன்னாங்க ஐயா. அந்தக் கம்பி ரெண்டயும் மாத்தாம தம்பியக் கடல்ல எறக்காதீங்க" என்றார்.

ரசீதை நான்தான் எழுதினேன், முசியேவுக்குப் பிரெஞ்சில் ஒன்று, நமக்குத் தமிழில் ஒன்று. இன்ன வகைப் படகு என்று குறிக்கும் இடம் வந்தது. பிரெஞ்சுத் தாளில் 'கேட்டமரான்' என்று எழுதினேன். தமிழ்த் தாளில் எழுதும்போது பேரன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "எல்லாரும் கேட்டமரான்னுதானே தாத்தா சொல்றாங்க?" என்றான்.

'ஃபைபர் கட்டுமரம் ஒன்று, பாய்மரம், பாய் இரண்டு சகிதம்' என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்குப் பெரியவரிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டி ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கம்பிகளை மாற்றியாகிவிட்டது. டிரெய்லர் பதிவு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.